இங்கே படிக்கிறவள் அங்கே படிக்கமாட்டாள்

வலியசாலை அக்ரஹாரத்தில் நாகேஸ்வரன் பெண்டாட்டி விஜயத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இன்றைக்குக் கத்திரிக்காயா வெண்டைக்காயா என்று அவளிடம் கேட்டுவிட்டால், அன்று சாப்பாடு ராத்திரிக்குத்தான். பொய்யில்லை. மனுஷி எதையும் ஏழெட்டுத் தரம் யோசிப்பாள்; யோசித்து முடிக்கும்போது முன்பைவிட அதிகமாகக் குழம்பிப் போயிருப்பாள். "எங்காத்து நாட்டுப்பொண்ணுக்கு சம்சயம்தான் ஆகாரம்" என்று மாமியார் நீலாம்பாள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். நாகேஸ்வரன் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பட வேண்டிய சம்சயத்தையெல்லாம் அங்கேயே பட்டுவிட்டு வருகிறவன். வீட்டில் காதைக் கொடுக்கமாட்டான்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் தலையை ஆட்டினாள். ராஜா உத்தரவில் கோவில் நடையெல்லாம் எல்லா ஜாதிக்கும் திறந்துவிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஊரில் நாலு பேர் நல்லது செய்ய வேண்டும் என்று ஒரு காற்று அடித்தது. வக்கீல் சம்சாரம் சரஸ்வதியம்மாள் நடத்திய மாதர் சமாஜத்திலும் அது புகுந்தது. சாலைக் கம்போளத்துக் கடைத்தெருப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், வாசிப்பு ஏறாத ஏழைப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பேரை எடுத்து, சாயங்காலம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று சமாஜத்தில் தீர்மானமாயிற்று. விஜயம் நாலாம் பாரம் வரை படித்தவள். பிள்ளை குட்டி இன்னும் இல்லை. சாயங்காலங்கள் அவளுக்குக் கட்டைவண்டி மாதிரி நகர்ந்துகொண்டிருந்தன. "நான் எடுத்துக்கறேன் மாமி" என்றாள். சொன்ன பிறகுதான், நாமா சொன்னோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வந்த பிள்ளைகள் நாலு பேர். மடைப்பள்ளியில் எடுபிடி வேலை பார்த்த ஒருவர் மகள் சூடாமணி. எண்ணெய்க்கடைக் கணக்குப்பிள்ளையின் இரண்டு பையன்கள், நாஞ்சில்நாட்டுக்காரர்கள். நாலாவது பொன்னம்மை. கம்போளத்தில் மூட்டை தூக்குகிற தாசையன் நாடாரின் மகள். தாயில்லாப் பெண்.

அக்ரஹார வீட்டுக்கு வாசல் தெருவில் என்றால், கொல்லைக் கதவு பின்சந்தில். கொல்லைப் பக்கம் உயரமான தாழ்வாரம், அதற்குக் கீழே மணல் முற்றம், அப்புறம் கிணறு. சமாஜம் கொடுத்தது ஒரே ஒரு பாடப்புத்தகம். தாழ்வாரத்து விளிம்பில் மணையைப் போட்டு, அதன்மேல் புத்தகத்தை விரித்து, விஜயம் நடுவில் உட்காருவாள். சூடாமணி ஒருபுறம், பையன்கள் ஒருபுறம் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். பொன்னம்மை முற்றத்தில் நின்றுகொண்டு மணையை எட்டிப் பார்ப்பாள். அவள் நிற்கிற இடம் அதுதான். கத்திரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் சம்சயப்படுகிற விஜயத்துக்கு அதில் ஒரு சம்சயமும் வரவில்லை.

பாடம் நன்றாகவே நடந்தது. விஜயம் ஈர்க்குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போவாள். பிள்ளைகள் கூடவே சொல்வார்கள். நாலு பேரில் கெட்டிக்காரி யாரென்றால் பொன்னம்மைதான். மற்றவர்கள் கொட்டாவி விட்டாலும், அவள் கண்ணை எடுக்காமல் புத்தகத்தைத் தின்றுவிடுவது போலப் பார்ப்பாள். படித்து முடித்ததும் மற்றவர்கள் பலகையில் எழுதுவார்கள். அவள் முற்றத்து மணலில் விரலால் எழுதுவாள். விஜயம் மேலே இருந்து எட்டிப் பார்த்தால் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"பலே! நீ டீச்சராத்தான் வரப்போறே, பாத்துக்கோ" என்பாள் விஜயம்.

பொன்னம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

தை பிறந்த சமயம், ஒருநாள் தாசையன் பின்சந்துக் கதவுக்கு வெளியே வந்து நின்றான். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். எனக்க மவளுக்குப் படிப்பு ஏறுதா, ஏறல்லியா?"

"ஏறறதாவா? ஜம்முனு படிக்கறா. ஏன் கேக்கறாய்?"

"ஸ்கூல்ல பெரிய சாரம்மை கூப்பிட்டுச் சொல்லுதாவ, இவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியல்லியாம். மீன மாசப் பரீச்சையில தோத்தா பேரை வெட்டிருவாவளாம். அப்பிடிண்ணா நான் எதுக்கு அம்மா இவளைக் கெட்டி இழுத்துட்டு அலையணும்? பாலராமபுரத்துல எனக்க தங்கச்சி இருக்கா. தறிக்கு நூல் தார் சுத்த ஆள் வேணுமிண்ணு சொல்லிக்கிட்டிருக்கா. கொண்டு விட்டிருவேன். வயிறாவது நெறயும்."

விஜயம் நம்பவில்லை. ஒரு எழுத்துகூடத் தெரியாதா? நேற்றுத்தானே இந்தப் பெண் ஒரு பக்கம் முழுவதையும் நிற்காமல் படித்தாள்!

முதலில் அவளுக்குச் சந்தேகம் பொன்னம்மை பேரில்தான் விழுந்தது. குட்டி மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாளோ? கேட்டுக் கேட்டுச் சொல்கிறவளுக்குப் புத்தகம் எதற்கு? அன்று சாயங்காலம் பெருங்காயம் பொட்டலம் கட்டி வந்த காகிதத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். ஏதோ மதராஸ் பத்திரிகையின் கிழிசல். அதை மணையில் வைத்து, "இதைப் படி பாப்போம்" என்றாள். பொன்னம்மை முற்றத்தில் நின்றபடி, எழுத்துக் கூட்டி, தடுக்கித் தடுக்கி, ஆனால் தப்பில்லாமல் படித்தாள். அவள் அதற்குமுன் பார்த்தே இராத வார்த்தைகள். மனப்பாடம் இல்லை; சத்தியமாக இல்லை.

அப்படியானால் பொய் சொல்கிறது யார்? பெரிய டீச்சரா? நாடார் பெண் என்று அங்கே ஓரவஞ்சனை செய்கிறார்களோ என்று விஜயத்துக்கு ஒரு கோபம் வந்தது. சரஸ்வதியம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். பெரிய டீச்சர் சொர்ணம்மாள் நல்ல மனுஷி. உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்தாள்.

"எனக்கு என்ன வஞ்சம் மாமி? நீங்களே பாருங்க" என்று பொன்னம்மையைக் கூப்பிட்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்தாள்.

பொன்னம்மை புத்தகத்தைப் பார்த்தாள். விஜயத்தைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். சத்தமே வரவில்லை. பலகையில் 'அம்மா' என்று எழுதச் சொன்னார்கள். எழுதி நெஞ்சோடு பிடித்துக் காட்டினாள். ஒரே கிறுக்கல்; கொக்கியும் கோடுமாக என்னவோ இருந்தது. ஐம்பது பிள்ளைகள் கத்துகிற அந்தக் கொட்டகையில் அதை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? விஜயமும் பார்க்கவில்லை. அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது.

"இப்பிடித்தான் மாமி, ஆதியிலேருந்தே. இப்போ புஸ்தகத்தைப் பிடிக்கக்கூடத் தெரியல்ல. கையில ரெண்டு அடி வச்சும் பாத்தாச்சு" என்றாள் சொர்ணம்மாள்.

சாயங்காலம் பொன்னம்மை வழக்கம்போல வந்து முற்றத்தில் நின்றாள். விஜயம் மணையைப் போடவே இல்லை.

"ஏண்டீ, இப்படி நாலு பேர் நடுவில என் மானத்தை வாங்கினாய்? இங்கே படிக்கறவள் அங்கே ஏன் படிக்கலை?"

பெண் தேம்பினாள். "அந்தப் புஸ்தகத்துல எழுத்து வேற அம்மா."

அட, இதுவா விஷயம்! மலையாளப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்களோ? ஆனால் விஜயமே கண்ணால் பார்த்தாளே, தமிழ்தானே? சந்தேகம் தீர, மறுநாள் சூடாமணியிடம் சொல்லிப் பள்ளிப் புத்தகத்தை வாங்கி வரச்செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே அட்டை, அதே படம், அதே எழுத்து. ஒரு புள்ளி மாற்றமில்லை. பள்ளிப் புத்தகத்தை மணையில் வைத்து, "படி" என்றாள். பொன்னம்மை கடகடவென்று படித்துவிட்டாள்! படித்துவிட்டு அவளே புத்தகத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

விஜயத்துக்கு அழுகை வந்துவிட்டது. இது என்ன கர்மம்! கண்ணில் கோளாறோ என்று தாசையனை விட்டு தர்மாஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னாள். கண் பவுனாட்டம் இருக்கிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். திருஷ்டி என்றாள் நீலாம்பாள். "மூட்டை தூக்கறவன் பொண்ணு படிச்சா கம்போளமே கண்ணு வைக்கும், ஆச்சரியமென்ன?" பயம் என்றான் நாகேஸ்வரன், மேலதிகாரி முன்னால் தனக்கும் எழுத்து மறந்து போகும் என்றான். விஜயம் மூன்றையும் நம்பினாள், மூன்றையும் நம்பவில்லை. உப்புமாவில் உப்பை இரண்டு தரம் போட்டாள். பரீட்சை நெருங்க நெருங்க, அவளுக்குப் பாலராமபுரத்துத் தறி கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்தப் பெண் அங்கே போய்விட்டால் அப்புறம் புத்தகத்தை எங்கே பார்ப்பாள்?

மீன மாசத்தில், நம் பங்குனியில், இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தாள். கோட்டயத்துப் பக்கத்து அம்மாள், கண்ணாடி போட்டவள், தமிழை மலையாளம் கலந்து நிதானமாகப் பேசுகிறவள். சமாஜத்துப் பெண்களையும் பார்க்க அழைத்திருந்தார்கள். அவர்கள் சுவரோரம் பெஞ்சியில் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் மேஜைமேல் புத்தகத்தைத் தன்னைப் பார்க்க விரித்து வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தார்கள். கணக்குப்பிள்ளை பையன்கள் திக்கித் திணறிக் கரையேறினார்கள். சூடாமணி பாட்டுப் பாடுவதுபோலப் படித்தாள்.

பொன்னம்மை போய் நின்றாள். இன்ஸ்பெக்ட்ரஸ் விரலால் ஒரு வரியைக் காட்டினாள். சத்தமில்லை. இன்னொரு வரி. சத்தமில்லை. விஜயம் பெஞ்சியில் உட்கார்ந்தபடியே, "பிள்ளையாரே, பழவங்காடிப் பிள்ளையாரே, அந்தக் குழந்தை வாயைத் திற" என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளையார் திறக்கவில்லை.

"போட்டே மோளே, பொக்கோ" என்றாள் இன்ஸ்பெக்ட்ரஸ் வருத்தத்தோடு; போகட்டும் மகளே, போ என்று அர்த்தம்.

பொன்னம்மை அழுதுகொண்டே மேஜையைச் சுற்றி வந்தாள். வாசல் எதிர்ப்பக்கம் இருந்தது. மேஜைக்கு முன்னால் வரும்போது, கண்ணைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தாள். கால் நின்றுவிட்டது.

"வண்டி வந்தது" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"வண்டி வந்தது. வண்டியில் வாழைக்குலை வந்தது. மாடு தண்ணீர் குடித்தது. மாட்டுக்காரன் மரத்தடியில் படுத்தான்." பக்கம் முடிகிறவரை நிறுத்தவே இல்லை. குரல் ஏற ஏற, கொட்டகையில் இருந்த ஐம்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்ட்ரஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நன்னாயி! அடுத்த பக்கமும் படி" என்று தாளைத் திருப்பி, பெண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று புத்தகத்தை அவளைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பொன்னம்மை வாயடைத்துப் போனாள். இன்ஸ்பெக்ட்ரஸ் விழித்தாள். புத்தகத்தைத் திரும்பத் தன் பக்கம் வைத்தாள். "கோழி கூவியது" என்று ஆரம்பித்துவிட்டது குட்டி.

"குறளி வித்தையான்னா இருக்கு!" என்றாள் சரஸ்வதியம்மாள்.

சொர்ணம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இவ தலைகீழாட்டுல்லா படிக்கா! முன்னே புஸ்தகத்தை இப்பிடித் தலைகீழாட்டுப் பிடிச்சாளேன்னுதானே நான் கையில அடிச்சேன்!"

கொட்டகை முழுவதும் சிரித்தது. விஜயம் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. தலைகீழாக ஒருத்தி எப்படிப் படிக்கக் கற்றுக்கொள்வாள்? நான் அப்படிச் சொல்லித் தரவில்லையே!

இன்ஸ்பெக்ட்ரஸ் சிரித்து முடித்துவிட்டு, பெண்ணைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். "நீ எங்கே மோளே பாடம் படிச்சது?"

"அந்த அம்மாக்க வீட்டுல." விரல் விஜயத்தை நோக்கி நீண்டது.

"புத்தகம் எங்கே இருக்கும்?"

"அம்மா மேல இருப்பாவ. புஸ்தகம் அம்மாவைப் பாத்து இருக்கும். பிள்ளைகளெல்லாம் அம்மாக்க கிட்ட மேல. நான் கீழ முத்தத்துல நிப்பேன்."

"நீயும் அம்மா பக்கம் போய் நின்னா என்ன?"

பொன்னம்மை அந்த அம்மாளைச் சற்றுப் பாவமாகப் பார்த்தாள். இவ்வளவு பெரிய கண்ணாடி போட்டவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்திருப்பாள்.

"அங்க ஏறப்படாதுல்லா" என்றாள்.

சிரிப்பெல்லாம் நின்றுபோயிற்று. பெஞ்சியில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சரஸ்வதியம்மாள் புடவைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டாள். அவர்கள் எல்லார் வீட்டிலும் முற்றம் இருந்தது. விஜயம் இந்த மூன்று மாதமாக யார் யாரையோ சந்தேகப்பட்டாள். பெண்ணை, டீச்சரை, கண்ணை, திருஷ்டியை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்ஸ்பெக்ட்ரஸ் பேனாவை எடுத்தாள், வைத்தாள். "படிக்கத் தெரியாதென்னு எழுத எனக்கு மனசில்லை. தெரியுமென்னு எழுதவும் கூடா. லோகத்தில் புத்தகமெல்லாம் நேரேதானே இருக்கு. இடவத்தில் பள்ளி திறக்கும்போது நான் மறுபடி கேக்கும். அதுவரை பேர் கிடக்கட்டும்." இடவம் என்றால் வைகாசி; இரண்டு மாதந்தான் இருந்தது.

வெளியே தாசையன் காத்துக்கொண்டிருந்தான். "அம்மா, ஜெயிச்சாளா தோத்தாளா?"

"தோத்தது நானாக்கும் தாசையா" என்றாள் விஜயம்.

அவனுக்கு அது புரியவில்லை. அவள் விவரமாகச் சொன்ன பிறகும் முழுக்கப் புரிந்த மாதிரி இல்லை. "இடவம் வரைக்கும் பாக்கேன் அம்மா. அதுக்குப் பொறவும் இப்பிடித்தாண்ணா பாலராமபுரந்தான். எனக்கு வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போனான்.

மறுநாள் சாயங்காலம் பொன்னம்மை வந்தாள். விஜயம் தாழ்வாரத்தில் மணையைப் போட்டு, தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். அடுக்களை நிலைப்படியில் நீலாம்பாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏறி வா" என்றாள் விஜயம்.

"என்னது?" என்றாள் நீலாம்பாள். "பத்மநாபசுவாமி கோவில்ல விட்டாச்சு, சரி. அது ராஜா உத்தரவு. இது ராஜா ஆத்துத் தாழ்வாரமா? நான் இருக்கிறவரைக்கும் நடக்காது, சொல்லிட்டேன்."

பொன்னம்மை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். படியில் கால் வைக்கவில்லை.

விஜயம் யோசித்தாள். வழக்கம்போல ஏழெட்டுத் தரம் யோசித்தாள். மாமியார் சொல்வதும் அவளுக்குப் புதிதல்ல. அவளும் அதே மாதிரி ஒரு வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவள்தான். எது சரி, எது தப்பு என்று முழுசாகத் தெளியவே இல்லை. தெளிகிறவரை காத்திருந்தால் இடவம் வந்துவிடும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

"இறங்கினவள் குளிச்சுட்டுத்தான் உள்ளே வரணும்!" என்று கத்தினாள் நீலாம்பாள்.

"குளிக்கறேன். தினமும் குளிக்கறேன்" என்றாள் விஜயம்.

மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இங்கே உக்காரு, என் பக்கத்தில" என்றாள். பொன்னம்மை உட்கார்ந்தாள், எட்டி. விஜயம் நகர்ந்தாள். அவளும் நகர்ந்தாள். விஜயம் மறுபடி நகர, அவள் மறுபடி பின்வாங்கினாள். விளையாட்டு என்று நினைத்துச் சூடாமணி மேலே இருந்து கைகொட்டிச் சிரித்தாள். கிணற்றடிச் சுவர் வந்துவிட்டது. அதையும் தொட்டுவிடாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பெண்.

"ஏண்டீ ஓடறே?"

"தொட்டா தீட்டுல்லா அம்மா."

"அப்படீன்னு நான் என்னிக்காவது உன்கிட்டச் சொன்னேனா?" என்றாள் விஜயம்.

"இல்ல. நீங்க சொல்லித்தரல்ல." பொன்னம்மை அவசர அவசரமாகச் சொன்னாள், தன்னால் அம்மாவுக்கு மறுபடி கெட்ட பேர் வந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு அதில் இருந்தது. "நானாட்டுப் படிச்சுக்கிட்டேன்."

விஜயம் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பெண் திடுக்கிட்டு, அடுக்களைப் பக்கம் பார்த்தாள். விஜயம் விடவில்லை. இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, புத்தகத்தை இரண்டு பேர் மடியிலுமாக நேராக விரித்தாள். பொன்னம்மை எழுத்தைப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"பரவாயில்லை" என்றாள் விஜயம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல்லேருந்து வருவோம். எனக்கும் ஒண்ணும் பிடிபடலை."